காட்டுத்தீக் காலமும் கூடு கட்டும் காலமும்: மூவர் நேரில் கண்டவை

மசினகுடியிலிருந்து:

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் ஓடைக்கரை நீர்மருது மரங்களின் உச்சிக் கவைகளில் கூடு வைக்கின்றன. மழை ஓய்ந்தபின் கூட்டைச் சீர்செய்து, ஒரே ஒரு முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு இறகு முளைத்துப் பறப்பதற்குள் ஏப்ரல் ஆகிவிடும். சில கூடுகளில் மே மாதம்கூட வந்துவிடும். புல் காய்ந்து தீக்காலம் தொடங்குவது சனவரிக் கடைசியில். குஞ்சால் கூட்டைவிட்டு நகர முடியாத மாதங்களும் காடு பற்றிக்கொள்ளும் மாதங்களும் ஒன்றே என்பதை நான் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். அது உறைத்தது ஒரு பிப்ரவரிக் காலையில்தான்.

தீத்தடுப்புக் கோடு அமைக்கும் பணிக்கு உதவியாகச் சிலர் சென்றிருந்தோம். பாதையின் இருபுறமும் புல்லையும் புதரையும் அறுத்துப் போட்டு, உலர்ந்தபின் காற்றில்லாத வேளையில் நாமே எரித்து வெறுந்தரையாக்கி வைப்பதுதான் தீக்கோடு; பின்னர் பெருந்தீ வந்தால் தின்ன ஏதுமின்றி அங்கே நின்றுவிட வேண்டும். கூடுகளை ஆண்டுதோறும் எண்ணி வந்தவன் எங்களுள் நான் ஒருவனே. கூட்டு மரம் இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது, தீ எட்டாது என்று சொன்னவனும் நான்தான். தீ எட்டவில்லை; புகை எட்டிவிட்டது. வெயில் ஏறினால் பள்ளத்தாக்குக் காற்று சரிவின் மேல்நோக்கித் திரும்பும் என்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்தும், அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. தாய்ப்பறவை எழுந்து போய் ஐம்பது நிமிடம் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. வெயிலில் குஞ்சு அலகைத் திறந்து மூச்சு வாங்கியதைத் தொலைநோக்கியில் பார்த்தபடி நின்றதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலவில்லை. பறவை திரும்பியது, மார்ச் இறுதியில் அதே கூட்டில் குஞ்சு சிறகடித்துப் பழகுவதையும் கண்டேன். ஆனாலும் அந்த ஐம்பது நிமிடம் மறக்கவில்லை.

டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் உடலைத் தின்று இந்தப் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்ட பிறகும், ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற வேகத்தில்தான் இவை மீள முடியும். அந்தப் புகை நிகழ்வுக்கு அடுத்த ஆண்டிலிருந்து, கூட்டு மரங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக் கொடுத்து, அவற்றை ஒட்டிய பகுதிகளில் மட்டும் அறுத்த புல்லை எரிக்காமல் வாரி அப்புறப்படுத்தச் செய்கிறோம். கூலி கூடுதலாகிறது என்பதை மறைப்பதற்கில்லை. செயற்கைக்கோளின் தீ எச்சரிக்கை இப்போது கைப்பேசிக்கே வருகிறது, நல்லதுதான். ஆனால் அது காட்டும் 375 மீட்டர் அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எது கூட்டு மரம் என்பதை நடந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

உதகையிலிருந்து:

மசினகுடி ஐயா கண்டது மரத்தின் உச்சியில். நான் கண்டது புல்லின் அடியில். நீலகிரி நெட்டைக்காலி இந்த உயர்மலைப் புல்வெளிகளில் தரையிலேயே, புற்கற்றையின் மறைவில் கூடு கட்டும் சிறு பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்தில் தீப்பிடித்த இரண்டு சரிவுகளை நான் தொடர்ந்து பார்த்து வந்தேன். கோடை மழைக்குப் பின் இரண்டிலும் பச்சைத் துளிர் எழுந்தது, நெட்டைக்காலிகளும் இறங்கி இரை தேடின. தீயினால் கேடில்லை என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சரிவின் ஓரத்தில், வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரத்தோப்பு இருந்தது. சீகையின் விதை கடினமான தோலுடன் மண்ணில் பல்லாண்டு கிடக்கும்; தீயின் சூடு பட்டால் அந்தத் தோல் விட்டுக்கொடுத்து, ஒரே நேரத்தில் முளைத்துத் தள்ளும். மூன்றாம் ஆண்டில் அந்தச் சரிவு இடுப்பளவு சீகைக் காடாகிவிட்டது, ஒரு நெட்டைக்காலியையும் அங்கே காணவில்லை. தோப்பில்லாத மற்றச் சரிவில் புல் மீண்டது, பறவையும் இருக்கிறது. ஆகவே எரிந்த பரப்பு எவ்வளவு என்று மட்டும் கணக்கெடுத்துவிட்டு, பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாராமல் விடுவது எனக்கு அரைகுறை வேலையாகவே படுகிறது.

தாளவாடியிலிருந்து:

எங்கள் பக்கத்துச் சோளகர் பழங்குடிப் பெரியவர் ஒருவருடன் நடந்தபோது, அவர் இளமையில் பார்த்த 'தரகுத் தீ'யைப் பற்றிச் சொன்னார். தரகு என்றால் காய்ந்த சருகு. பனி முழுதும் விலகுமுன், சருகு மெல்லிய படலமாக இருக்கையில் வைக்கும் தீ கணுக்கால் உயரத்தில் ஊர்ந்து போய்த் தானே அணைந்துவிடுமாம். காட்டில் தீ வைக்கத் தடை வந்தபின் அந்த வழக்கம் நின்றது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது அதனால்தான் என்பது அவர் கருத்து. உண்ணிச்செடி (லாண்டனா) என்ற அயல்நாட்டுப் புதரும் ஆளுயரத்துக்கு மேல் அடைத்துக்கொண்டது. இப்போது தீ வைத்தால் அது அந்தப் புதரைப் படிக்கட்டாக்கி மர உச்சிக்கே ஏறிவிடும் என்று அவரே எச்சரித்தார். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கும் மேல் எரிந்ததைப் பார்த்த நமக்கு அது மிகையாகத் தோன்றாது. பழைய தீயை அப்படியே திருப்பிக் கொண்டுவரலாம் என்போர் இந்த ஓர் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மசினகுடியிலிருந்து, மீண்டும்:

தாளவாடி நண்பர் சொன்ன அதே உண்ணிச்செடி எங்கள் ஓடைக்கரைக்கும் இறங்கிவிட்டது. ஈரமும் நிழலும் இருந்த வரை நீர்மருதின் அடிக்குத் தீ வருவது அரிது. இப்போது அந்தக் காப்பு இல்லை. உண்ணிச்செடியை மேலே வெட்டினால் மறு மழைக்குத் துளிர்த்துவிடுவதால், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறோம். மழை பெய்து மண் இளகிய நாட்களில், கூடுகள் காலியாக இருக்கும் சூலை முதல் செப்டம்பர் வரைதான் இதைச் செய்கிறோம். சென்ற ஆண்டு நான்கு மரங்களின் அடி தெளிந்தது. இன்னும் பதினொன்று இருக்கின்றன.