பாலிஅனிலின் ஃபிலிம் நன்றாகப் படிகிறது, மீட்டரில் 20 மெகாஓம். எங்கே தவறு?

அரசலாற்றங்கரை:
வணக்கம். கும்பகோணம் பக்கம் எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். மீன் கெட ஆரம்பிக்கும்போது வரும் அம்மோனியாவை உணரும் சென்சார்தான் என் புராஜெக்ட். அதில் உணரும் பொருள் பாலிஅனிலின், மின்சாரம் கடத்தும் ஒரு பாலிமர். எங்கள் மாமா நாகப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுப்பவர். ஐஸ் போதாமல் ஒரு பெட்டி கெட்டுவிட்டால் அன்றைய உழைப்பு வீண். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

செய்தது இவ்வளவுதான். அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராம் 50 மில்லி தண்ணீரில், அம்மோனியம் பெர்சல்ஃபேட் 5.71 கிராம் இன்னொரு 50 மில்லியில். இரண்டையும் கலந்ததும் கண்ணாடி ஸ்லைடை உள்ளே நிறுத்தினேன். கலவை நீலமாகி, பிறகு பச்சையானது. ஸ்லைடை எடுத்துக் கழுவி, ராத்திரி முழுக்க ஓவனில் 120 டிகிரியில் வைத்தேன். காலையில் பார்த்தால் ஃபிலிம் அழகாக, சீராக இருக்கிறது. மல்டிமீட்டர் முனை இரண்டையும் 2 செ.மீ. தள்ளி வைத்தால் 20 மெகாஓம். நான்கு தடவை செய்துவிட்டேன், நான்கும் இப்படித்தான். அடுத்த வாரம் ரிவ்யூ. மின்கடத்துதிறனை எப்படி ஏற்றுவது?

நன்னிலம் சர்க்யூட்:
ஐப்பசி மழை, லேப் முழுக்க ஈரம். முதலில் அதைப் பாருங்கள். நான் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற இன்னொரு கடத்தும் பாலிமரில் ஃபிலிம் போட்டபோது கரைசலில் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்தேன். மின்கடத்துதிறன் செ.மீ.க்கு 1 சீமென்ஸுக்கும் கீழே இருந்தது பல நூறுக்கு ஏறியது. நீங்களும் சேர்த்துப் பாருங்களேன்.

பழைய லேப் ஆள்:
தம்பி சொன்னது பெடாட்டுக்குச் சரி. அங்கே மின்சாரம் கடத்தாத பிஎஸ்எஸ், பெடாட்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். டிஎம்எஸ்ஓ அதை விலக்கி பெடாட் சங்கிலிகளை ஒன்றோடொன்று சேரவிடும். பாலிஅனிலினில் கதையே வேறு. இங்கே கடத்தலைக் கொடுப்பது சங்கிலியில் ஏறியிருக்கும் அமிலம். அது இறங்கிவிட்டால் எதைச் சேர்த்தும் பயனில்லை. ஈரமும் இதற்குப் பகை இல்லை. கொஞ்சம் ஈரம் இருந்தால் பாலிஅனிலின் இன்னும் நன்றாகவே கடத்தும்.

தங்கச்சி, மூன்று கேள்வி. எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? ஸ்லைடை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தால் இலைப்பச்சையா, நீலம் ஓடுகிறதா? ஃபிலிம் வைத்த அலமாரியில் வேறு என்னென்ன பாட்டில் இருக்கிறது?

அரசலாற்றங்கரை:
அண்ணா, இப்போதுதான் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். இடுக்கி பிடித்த மூலையில் நகக்கண் அளவுக்கு மட்டும் இலைப்பச்சை. மற்ற இடமெல்லாம் மயில்கழுத்து நிறம்! இத்தனை நாள் கறுப்பு மேஜை மேல் வைத்துப் பார்த்ததால் தெரியவே இல்லை.

கரண்ட் அடிக்கடி போவதால் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கவில்லை, போர் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சென்சார் சோதனைக்கு வாங்கிய அம்மோனியா பாட்டிலும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

பழைய லேப் ஆள்:
விடை அந்த மூலையிலேயே இருக்கிறது. இடுக்கி மறைத்ததால் தண்ணீர் படாத இடம் அது. பச்சை என்றால் எமரால்டின் உப்பு, கடத்தும். நீலம் என்றால் எமரால்டின் காரம், கடத்தாது. இரண்டிலும் சங்கிலி ஒன்றுதான், ஏறியிருக்கும் அமிலம்தான் வித்தியாசம். பி.எச். 4-ஐத் தாண்டினாலே அமிலம் இறங்கத் தொடங்கும். வெள்ளைப் பூக்கும் போர் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், அது அமிலத்தை உறிஞ்சிவிடும். டிஸ்டில்டு வாட்டரில்கூட நேரம் போகப்போக அமிலம் கழன்றுகொண்டே இருக்கும்.

நீங்கள் எடுத்த அளவு 2002-ல் ஐயுபிஏசி என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பு வெளியிட்ட செய்முறையின் அளவேதான். பல நாட்டு ஆய்வகங்களில் எட்டுப் பேர் அதே முறையில் செய்த 59 மாதிரிகளின் சராசரி 4.4 சீமென்ஸ்/செ.மீ. அம்மோனியாவில் நனைத்துக் காரமாக்கினால் அது சுமார் 10-ன் மைனஸ் 8 அடுக்குக்கு விழும். அந்தச் செய்முறையில் கழுவச் சொல்லியிருப்பது 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில். உங்கள் கைக்கு வந்த லேப் தாளில் வெறுமனே 'கழுவவும்' என்று இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனதில்தான் நான்கு ஸ்லைடு போயிற்று. நான் காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்தபோது பக்கத்து மேஜைப் பையனுக்கும் இதுவேதான் நடந்தது.

புதிதாக எதுவும் போட வேண்டாம். அதே ஸ்லைடை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 நிமிடம் நிறுத்துங்கள், கண்ணெதிரே பச்சையாகும். பிறகு 0.2 மோலாரில் ஒரு முக்கு, காற்றில் உலர்த்தல். ஓவன் 60-ஐத் தாண்டவே கூடாது. 120-ல் ராத்திரி முழுக்க வைத்தால் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் குளோரைடிலும் ஒரு பகுதி ஆவியாகிவிடும். சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்படிக் கெட்ட பகுதி அமிலத்தில் வைத்தாலும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அம்மோனியா பாட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

நன்னிலம் சர்க்யூட்:
திருத்தியதற்கு நன்றி அண்ணா. அளக்கும் முறையில் மட்டும் நான் ஒன்று சொல்கிறேன். மீட்டர் முனையை நேரே குத்தினால் ஃபிலிம் கிழியும், தொடும் இடத்தின் தடையும் சேர்ந்து காட்டும். ஸ்லைடின் அகலம் 25 மி.மீ. என்றால், 25 மி.மீ. இடைவெளியில் அகலம் முழுக்க இரண்டு கோடு சில்வர் பேஸ்ட் இழுங்கள். நடுவில் சதுரம் கிடைக்கும். சதுரம் காட்டும் தடைதான் ஷீட் ரெசிஸ்டன்ஸ். அதைத் தடிமனால் பெருக்கித் தலைகீழாக்கினால் மின்கடத்துதிறன். இந்த வகை ஃபிலிம் சுமார் 125 நானோமீட்டர் இருக்கும். 2.6 சீமென்ஸ் வந்தால் மீட்டரில் 30 கிலோஓம் பக்கம் காட்ட வேண்டும். ரிவ்யூவில் காட்டும் எண்ணை மட்டும், தொடும் இடத்தின் தடை சேராத நான்கு முனைக் கருவியான ஃபோர் புரோபில் எடுத்துவிடுங்கள்.

அரசலாற்றங்கரை:
செய்தேன்! அமிலத்தில் இறக்கிய இடத்திலிருந்து பச்சை மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் 120-ல் வைத்த பழைய ஸ்லைடு 900 கிலோஓமோடு நின்றுவிட்டது. புதிதாக ஒன்று போட்டு, அமிலத்திலேயே கழுவி, காற்றில் உலர்த்தியதில் 46 கிலோஓம். 125 நானோமீட்டர் என்று வைத்தால் 1.7 சீமென்ஸ் வருகிறது. இதையும் 100-க்குக் கொண்டுபோக முடியுமா அண்ணா? கேம்ஃபர் சல்ஃபோனிக் அமிலம் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன்.

பழைய லேப் ஆள்:
முடியும். எமரால்டின் காரத்தைக் கேம்ஃபர் சல்ஃபோனிக் அமிலத்தோடு மெட்டா-கிரெசாலில் கரைத்து வார்த்தால் சுருண்ட சங்கிலி நிமிர்ந்து பல நூறு சீமென்ஸ் வரும். 2000-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான மெக்டயர்மிட், எப்ஸ்டைனோடு சேர்ந்து 90-களில் விளக்கியது அது. ஆனால் மெட்டா-கிரெசால் தோலில் பட்டால் வெந்துபோகும், ஆவியும் நச்சு. நல்ல ஃபியூம் ஹூட் இல்லாத லேபில் அதைத் தொடாதீர்கள் அம்மா.

உங்கள் வேலைக்கு 100 தேவையும் இல்லை. போர் தண்ணீர் செய்ததைத்தான் மீன் பெட்டியின் அம்மோனியாவும் செய்யப்போகிறது: அமிலத்தை இறக்கி, தடையை ஏற்றும். சென்சாருக்கு வேண்டியது அந்த ஏற்றம்தான். 46 கிலோஓமில் தொடங்கினால் சாதாரண மீட்டரிலேயே படிக்கலாம். இன்னும் சீராக வேண்டுமென்றால் பாத்திரத்தை ஐஸில் வைத்து 0 முதல் 5 டிகிரிக்குள் வினையை நடத்துங்கள், சங்கிலி நீளமாக வரும். பழுப்பேறிய அனிலின் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அரசலாற்றங்கரை:
சரி அண்ணா, கிரெசால் பக்கம் போகவில்லை. ஐஸுக்கு மாமாவிடம் சொல்லிவிட்டேன், நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது. மூன்று ஸ்லைடு போட்டு, மூன்றின் தடையையும் இங்கேயே எழுதுகிறேன்.