பொருள்: கட்டம் விட்டுத் தாவும் கர்சருக்குத் தமிழில் என்ன பெயர்?

ஏற்காடு, வியாழன் காலை

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் ஒரு கையேடு செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தரவு உள்ளீடு சொல்லித்தரும் கையேடு. யாருக்கு எவ்வளவு காப்பி, எவ்வளவு மிளகு என்று தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். எல்லாப் பாடமும் முடிந்தது, ஒன்றைத் தவிர: "கர்சரும் கீபோர்டும் அவ்வப்போது மக்கர் செய்தால்". தட்டிக்கொண்டே இருக்கும்போது கர்சர் திடீரென்று முதல் வரிசைக்குத் தாவிவிடுகிறது. பாதிப் பெயர் இங்கே, மீதி இன்னொருவர் நிலத்தில். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், மறுபடி தாவும்.

பழைய பதிப்பில் மவுஸும் சுட்டி, கர்சரும் சுட்டி. "சுட்டி தாவினால் சுட்டியை அசைக்காதீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. வகுப்பில் சத்தமாகப் படிக்க முடியவில்லை. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

மரவனேரி, வியாழன் மதியம்

டீச்சரம்மாவுக்கு வணக்கம். சுட்டியைக் கைவிடுவது நல்லதே. இந்தக் குழுவில் இணைய முகவரிக்கும் சுட்டி என்கிறோம். என் பேரனும் சுட்டிதான். இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் ஏற்கெனவே அந்த வேலையைப் பார்க்கின்றன.

கர்சர் என்பது இலத்தீனில் 'ஓடுபவன்'. அந்தக் காலப் பொறியாளர்கள் வைத்திருந்த நழுவு அளவுகோலில், மயிரிழைக் கோட்டோடு நகரும் கண்ணாடித் துண்டுக்கும் அதே பெயர். ஆகவே 'ஓடி' எனலாம்.

தலைப்பில் 'மக்கர்' வேண்டாம், அது தமிழே அல்ல. பிழை என்று பொருள்படும் 'வழு' என்று எழுதுங்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது. கர்சர் இடம் மாறுவது சாட்சாத் இடவழு! (அங்கே இடம் என்பது தன்மை முன்னிலை படர்க்கை என்பது தெரியும். இருக்கட்டும்.) போகிற போக்கில்: ஏற்காடு ஏரிக்காடா, ஏழ்காடா என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். ஏரிதான் இன்னும் கண்முன்னே இருக்கிறதே!

சூரமங்கலம், வியாழன் இரவு

புலவர் ஐயா, 'ஓடி' அழகு. ஆனால் எதற்கு வைக்கப் போகிறோம்? தரவுத்தளத்தில் கர்சர் ஒன்றல்ல. எழுத்து விழும் இடத்தில் மினுக்குகிற கோடு ஒன்று. இப்போது தேர்வாகி நிற்கிற கட்டம் இன்னொன்று. திரையில் அலையும் மவுஸ் அம்பு மூன்றாவது. நான்காவது யார் கண்ணுக்கும் தெரியாது: வினவலின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின்) விடையாக வரும் வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது, அதற்கும் கர்சர் என்றே பெயர்.

டீச்சர் சொல்லும் தாவல் முதல் இரண்டிலும் நடக்கிறது. பெரும்பாலும் கீபோர்டு மேல் குற்றமில்லை. பின்னணியில் அட்டவணை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. சர்வரிலிருந்து விடை வந்ததும் திரையை மறுபடி வரைகிறது, பிடித்திருந்த கட்டத்தை விட்டுவிட்டு முதல் வரிசைக்குப் போகிறது. விடை எப்போது வரும் என்பது நெட் வேகத்தைப் பொறுத்தது. அதனால்தான் சில நேரம் மட்டும். கீழே சேலத்தில் சரியாக இருப்பது மலையில் படுத்தும்.

பிள்ளைகள் பயன்படுத்துவது தமிழ் 99 என்ற விசைப்பலகை அமைப்பு என்றால் ஓர் அடையாளம் இருக்கிறது. அம்மாபேட்டை என்று அடிக்க 'ம'வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். இரண்டு தட்டலுக்கும் நடுவில் அட்டவணை புதுப்பித்துக்கொண்டால் முந்தைய விசை என்ன என்பது மறந்துபோய் 'அமமாபேட்டை' ஆகிவிடும். பதிவுகளில் இப்படிப் புள்ளி தொலைந்த பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

கையேட்டில் இப்படி எழுதலாம்: முதலில் வெற்றுக் கோப்பு ஒன்றில் அதே பெயரை அடிக்கவும். அங்கே சரியாக வந்தால் கீபோர்டை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். பிறகு தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு அடிக்கவும். தாவல் நின்றால் காரணம் அதுவே.

'கொ'வில் பின்னழிவு (பேக்ஸ்பேஸ்) விசையைத் தட்டினால் கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்பதையும் பிழை என்கிறார்கள். பல மென்பொருளில் அது வேண்டுமென்றே வைத்தது.

மரவனேரி, வியாழன் நள்ளிரவு

தம்பி, கடைசியாகச் சொன்னீர்களே, அதற்கு இலக்கணத்தில் பழங்காலத்திலேயே பெயர் இருக்கிறது: வழுவமைதி! தவறுதான், ஆனால் காரணம் பற்றி ஏற்கப்பட்டது. எந்த நிறுவனத்து மென்பொருளாளரும் இதைவிட நயமாகச் சாக்குச் சொல்ல முடியாது.

'அவ்வப்போது' என்பதற்கு முறைக்காய்ச்சல் போல 'முறைவழு' பொருந்துமா?

அம்மாபேட்டை, வெள்ளி காலை

முறைக்காய்ச்சல் முறை வைத்து வரும் ஐயா. இது முறையே இல்லாமல் வருகிறது. 'விட்டுவிட்டு வரும் வழு' என்று நீளமாகவே இருக்கட்டும்.

ஓடுவதுதான் பொருள் என்றால் தறியில் எங்களுக்கு நாடா இருக்கிறது. ஊடையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், பாவு நடுவில் நின்றுவிட்டால் இழை அறும். 'நாடா தாவுகிறது' என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் புரியும்.

ஆத்தூர், வெள்ளி காலை

உங்கள் தெருவில் புரியும். மற்ற ஊர்களில் பாவாடை நாடாதான். கர்சர் என்றே போடுங்க டீச்சர். எங்கள் மையத்துக்கு வருகிற பெண்கள் ஒருவர்கூட வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

சூரமங்கலம், வெள்ளி மாலை

நான்கையும் பிரித்துவிடலாம். மினுக்குவது 'இமைகோடு'. தேர்வானது 'நடப்புக் கட்டம்'. அம்பு, அம்பாகவே இருக்கட்டும். வரிசை வரிசையாக நடப்பது 'நிரையோடி'. பள்ளிக் கணக்கில் நிரை, நிரல் படித்தவர்களுக்குப் புரியும்.

மரவனேரி, வெள்ளி இரவு

நிரையோடியா! நிரை என்றால் பசுக்கூட்டமும்தான். வெட்சி சூடி மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனுக்குத் தருமபுரிப் பக்கம் நடுகல் நிற்கிறது. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இமைகோடு வினைத்தொகை. இமைத்த, இமைக்கின்ற, இமைக்கும் கோடு. ஆகவே வல்லினம் மிகாது. இடையில் 'க்' போட்டால் கண்ணிமையில் தீட்டும் மைக்கோடு ஆகிவிடும், எச்சரிக்கை. கோடு என்பதற்கு மலைமுகடு என்றும் பொருள் உண்டு, திருச்செங்கோட்டைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் உட்கார்ந்து எழுதும் கையேட்டுக்கு அது பொருத்தம் என்று விட்டுவிடுகிறேன்.

ஏற்காடு, ஞாயிறு மாலை

எல்லாருக்கும் நன்றி. இமைகோடு, நடப்புக் கட்டம், அம்பு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். இமைகோடு முதல் முறை வரும்போது பக்கத்தில் 'அதாவது கர்சர்' என்று சேர்த்திருக்கிறேன். நிரையோடிக்கு இந்தக் கையேட்டில் வேலை இல்லை. தலைப்பில் 'மக்கர்' இருக்கும், பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். உள்ளே எல்லாம் வழுதான், ஐயா கோபிக்க வேண்டாம்.

புள்ளி தொலைந்த பெயர்களைத் தேடினோம். நிறையவே கிடைத்தன. புதுப்பித்தலை நிறுத்தியதிலிருந்து தாவல் இல்லை, ஆனால் மற்றவர்கள் திருத்தியது உடனே திரையில் தெரியவில்லை. அதையும் ஒரு பத்தியாக எழுதிவிட்டேன்.

ஆத்தூர், ஞாயிறு இரவு

இன்று வகுப்பில் பலகையில் 'இமைகோடு' என்று எழுதிப் போட்டேன். மூன்று பெண்கள் 'க்' விட்டுப்போச்சு மேடம் என்றார்கள். என் ஓட்டு இன்னும் கர்சருக்கே.