நான்கு துண்டில் எந்தத் துண்டு?

கவின்: யாராவது விழித்திருக்கிறீர்களா? மாக் டெஸ்டில், ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து எந்தத் துண்டில் பிழை என்று கேட்கும் பகுதியில் 10க்கு 4. மற்றதெல்லாம் வருகிறது, இது மட்டும் காலை வாரிவிடுகிறது

நித்யா அக்கா: தப்பான ஆறையும் போடு. அத்தை ஆன்லைனில்தான் இருக்கிறார்

கவின்: முதலாவது. 'தி கண்டிஷன் ஆஃப் தி ரோட்ஸ் / நியர் தி ஸ்டேஷன் / ஹேவ் பிகம் / வெரி பேட்'. நான் 'நோ எரர்' போட்டேன். ரோட்ஸ் என்றால் ஹேவ் தானே?

அத்தை: மோசமானது ரோடா கண்டிஷனா? கண்டிஷன். ஒன்றுதான். அதனால் ஹேஸ், மூன்றாவது துண்டில் பிழை

அத்தை: நீ ஏன் ஏமாந்தாய் என்று சொல்கிறேன் கேள். தமிழில் 'சாலைகளின் நிலை மோசமாகிவிட்டது' என்போம், எழுவாய் வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் அது முதலில் வந்துவிட்டு, நடுவில் ஆஃப், நியர் என்று ஒரு ஊர்வலமே போன பிறகுதான் வினை வரும். நம் கண் பழக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. காதும் உதவாது, பேச்சில் 'மாடுகள் வந்தன' என்று யார் சொல்கிறோம், எல்லாமே 'வந்தது' தான். அதனால் படித்துப் பார்த்து 'சரியாக ஒலிக்கிறதே' என்று விடாதே, ஆஃப் முதல் வினைக்கு முன்பு வரை விரலால் மூடிவிட்டுப் படி

மாமா: நடுவில் புகுந்தவனை நம்பாதே என்கிறாள். குடும்பத்துக்கும் பொருந்தும்

கவின்: 😂 இரண்டாவது, 'தி மேனேஜர், அஸ் வெல் அஸ் ஹிஸ் அசிஸ்டன்ட்ஸ், வேர் லேட்'. இதுவும் அதேதானா?

அத்தை: அதேதான். வாஸ். அஸ் வெல் அஸ், அலாங் வித், டுகெதர் வித் எது வந்தாலும் முதல் ஆள்தான் கணக்கு. ஆனால் நைதர்... நார் வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பவர் கணக்கு. 'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் ரெடி' சரி

கவின்: இப்போதுதானே பக்கத்தில் இருப்பதை நம்பாதே என்றீர்கள் அத்தை!!

அத்தை: அவன் நடுவில் புகுந்தவன் இல்லைடா, அவனும் எழுவாயில் பாதி. ஐதர்... ஆர் கூட இப்படித்தான்

கவின்: சரி சரி. மூன்று, 'வி டிஸ்கஸ்டு அபௌட் தி பிராப்ளம்'. இதில் என்ன தப்பு என்றே தெரியவில்லை

நித்யா அக்கா: அபௌட் கூடாது. 'பிரச்சினையைப் பற்றி' என்று தமிழில் யோசிப்பதால் வருகிறது. டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக வந்தால் அபௌட் போடலாம், டிஸ்கஸ் என்ற வினைக்குத்தான் வேண்டாம்

அம்மா: ஐயோ. அரை மணி நேரம் முன்னால்தான் ஆபீஸ் மெயிலில் அப்படி எழுதி அனுப்பினேன். அண்ணி, யாரும் கவனிப்பார்களா?

அத்தை: அவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள், தூங்கு

கவின்: நான்கும் ஐந்தும் சின்னது. 'சீனியர் தேன் மீ', அப்புறம் 'நோ சூனர்... வென்'

அத்தை: இரண்டிலும் பின்னால் வரும் சொல் தப்பு. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, டு தான் வரும். தேன் வர வேண்டியது நோ சூனருக்கு. ஹார்ட்லிக்குத்தான் வென்

மாமா: தேன் என்றதும் விழித்துக்கொண்டேன்

கவின்: கடைசி. 'தி டாக்டர் / சஜெஸ்டெட் தட் ஹி / டேக் கம்ப்ளீட் ரெஸ்ட்'. ஹி வந்தால் டேக்ஸ், இறந்த காலம் என்றால் டுக். எப்படிப் பார்த்தாலும் மூன்றாவது துண்டு தப்பு. விடைத்தாளில் 'நோ எரர்' என்கிறான், விடைத்தாளே தப்பு என்று நினைக்கிறேன்

அத்தை: விடைத்தாள் சரி. சஜெஸ்ட், இன்சிஸ்ட், ரெக்கமெண்ட், டிமாண்ட் என்று ஒருவர் இன்னொருவரை இப்படிச் செய் என்று சொன்னால், 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வினை மொட்டையாக வரும். எஸ் இல்லை, காலமும் இல்லை. 'இஃப் ஐ வேர் யூ' வந்தாலும் பாய்ந்துபோய் வாஸ் என்று திருத்திவிடாதே

நித்யா அக்கா: முதல் கேள்வியில் பிழை இருந்தும் நோ எரர், கடைசியில் பிழையே இல்லாமல் பிழை. நன்றாக இருக்கிறது உன் நியாயம் 😏

கவின்: பயத்தில் அடித்ததுதான் அக்கா. தப்புக்கு மார்க் வேறு கழிக்கிறார்கள்

அத்தை: அப்படியானால் எந்த வார்த்தையை எப்படி மாற்றுவாய் என்று சொல்ல முடிந்தால் மட்டும் அந்தத் துண்டைத் தொடு

மாமா: நானும் ஒரு கேள்வி போடுகிறேன். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் கமிங் டு ஸ்டே டுமாரோ'

கவின்: இரண்டு பிழை மாமா. ஃப்ரெண்ட்ஸ், அப்புறம் இஸ். பரீட்சையில் ஒன்றுதான் வரும்

மாமா: பிழை கிடக்கட்டும், நிஜமாகவே வருகிறான். உன் அத்தையிடம் நேரில் சொல்லப் பயந்துதான் இங்கே போட்டேன்

அத்தை: படித்துவிட்டேன்