நான்கு வயது நாய்க்கு எல்லா ஊசியும் வருஷா வருஷம் தேவையா?

கயல்:
குட்டியில் போட வேண்டிய ஊசிகள், ஒரு வயதில் பூஸ்டர் எல்லாம் முறையாகப் போட்டாயிற்று. இப்போது டாக்டர் எல்லாம் சேர்ந்த ஊசி, ரேபிஸ், கென்னல் காஃப் (நாய்க்கு நாய் தொற்றும் இருமல்), மாதாமாதம் உண்ணிக்கு ஒரு மாத்திரை, இதயப்புழுவுக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு இவ்வளவு எதற்கு என்கிறார்கள் தெரிந்தவர்கள். அவளுக்கு முன்பு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது, அதுதான் என் பயமே. எதை விடலாம், எதை விடவே கூடாது?

மழைச்சாரல்:
ரேபிஸில் யோசனையே வேண்டாம். அறிகுறி வந்துவிட்டால் நாய் பிழைக்காது, அது கடித்த மனிதருக்கும் அதே ஆபத்து. ஒரு வருடமா மூன்று வருடமா என்பது மருந்தையும் உங்கள் பகுதிச் சட்டத்தையும் பொறுத்தது.

சேர்ந்த ஊசியில்தான் எல்லாருக்கும் குழப்பம். அதில் டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கும் முதல் பூஸ்டர் ஒழுங்காக முடிந்திருந்தால் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், அதைவிட அடிக்கடி வேண்டாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டல். ஆனால் அதே ஊசியோடு வரும் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், பாக்டீரியாவால் வருவது. அதற்கான பாதுகாப்பு ஒரு வருடத்துக்கு மேல் உறுதியில்லை. எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தாலே தொற்றலாம், நம்மையும் தாக்கும். ஆகவே மற்றவை தேவைப்படாத வருடங்களில் லெப்டோ மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மூன்று வைரஸ்களுக்கும் ரத்தத்தில் டைட்டர், அதாவது நோய் எதிர்ப்பின் அளவு, பார்க்கலாம், லெப்டோவுக்கு அது உதவாது.

கருப்பி அம்மா:
வலிப்பு விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் இன்றே சொல்லுங்கள். அஃபாக்சோலானர், ஃப்ளூராலானர் வகை உண்ணி மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்பவை, பெரும்பாலான நாய்களுக்குத் தொந்தரவு தராதவை, ஆனால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்திருக்கிறது. அதற்காக உண்ணியை அப்படியே விட்டுவிடவும் முடியாது, எர்லிக்கியா, பேபிசியா போன்ற ரத்தத்தைத் தாக்கும் நோய்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. கழுத்துப்பட்டை, தோலில் விடும் சொட்டு மருந்து என்று வேறு வழிகள் இருக்கின்றன, அவளுக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்தின் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

இதயப்புழு கொசுவால் பரவுவது, கொசு வீட்டுக்குள் வராதா என்ன? இவ்வளவு நாள் மருந்து கொடுக்காமல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே புழு இருக்கும்போது கொடுத்தால் சில நாய்கள் அதிர்ச்சிக்குப் போய்விடும். உண்ணி, இதயப்புழு இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாத்திரையும் விற்கிறார்கள், அதிலும் மேலே சொன்ன உண்ணி மருந்து இருக்கலாம், அதனால் உறையில் உள்ளே என்னென்ன மருந்து என்று பாருங்கள்.

தேன்மொழி:
கென்னல் காஃப் ஊசி, பல நாய்கள் கூடும் இடத்தில் விடுவதாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அவசரமில்லை. குடல்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்து பார்த்து மருந்து கொடுக்கலாம், ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கயல்:
குழந்தை இருக்கிறாள், பூனை இல்லை. டாக்டரிடம் வலிப்பைச் சொல்லவே இல்லை, நாளைக்கே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மழைச்சாரல்:
ஒருநாள் சோர்வு, ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம் இருந்தால் பயமில்லை. முகம் வீங்குவது, விடாத வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதனால் காலையில் போட்டால் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம்.