கார்த்தேஜை நிறுவிய எலிசாவின் முடிவு: எந்தக் கதை முந்தியது?

கடலோடி:
வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரை நிறுவிய டைடோ என்னும் எலிசா, தன்னைக் காதலித்த டிராய் நகர வீரன் ஈனியாஸ் கைவிட்டுக் கப்பலேறிய துயரத்தில் உயிர் துறந்தாள் என்றே உரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியம் வழியாக அறிந்திருந்தேன். அவள் மறுமணத்துக்கு இணங்காமல் சிதையேறினாள் என்றும் ஒரு கதை உண்டாமே. இரண்டில் எது பழையது?

ஏடுபார்ப்பவன்:
மறுமணத்தை மறுத்த கதையே பழையது. வெர்ஜிலுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய கிரேக்க வரலாற்றாசிரியர் திமாயூஸ் அதையே சொல்கிறார். ஜஸ்டின் என்னும் இலத்தீன் ஆசிரியர் விரிவாகத் தருகிறார். இன்றைய லெபனானில் உள்ள தீரு நகரத்து அரசன் பிக்மேலியன், தன் உடன்பிறந்தாளான எலிசாவின் கணவனைப் பொன்னாசையால் கொன்றுவிட, அவள் மணல் நிரப்பிய மூட்டைகளைக் கணவனின் செல்வம் என்று சொல்லி, அரசன் அனுப்பிய ஏவலர்களைக் கொண்டே கடலில் எறியச் செய்கிறாள். பொன்னை இழந்துவிட்டு அரசன் முன் போய் நிற்க அஞ்சிய அவர்களும் அவளுடனேயே புறப்பட்டுவிடுகிறார்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மாட்டுத்தோல் அளவு நிலம் கேட்டு, தோலை மெல்லிய வாராகக் கீறி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டதும் இந்த அறிவுக்கூர்மையின் தொடர்ச்சிதான். பின்னர் அண்டை அரசன் ஹியார்பஸ், தன்னை மணக்காவிட்டால் போர் என்று மிரட்டியபோது, இறந்த கணவனுக்குச் சடங்கு செய்வதாகச் சொல்லிச் சிதை மூட்டி, அதன்மேல் ஏறி வாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். நகரையும் காத்தாள், தன் உறுதியையும் காத்தாள்.

தொல்நகர் வாசகி:
காலக்கணக்கும் இதற்கே துணை நிற்கிறது, நண்பரே. பழங்காலத்தவர் டிராயின் வீழ்ச்சியைக் கி.மு. 1184 என்றும், திமாயூஸ் கார்த்தேஜின் தோற்றத்தைக் கி.மு. 814 என்றும் கணித்தனர். இடையில் 370 ஆண்டுகள் இருக்க, டிராயிலிருந்து தப்பிய ஈனியாஸ் எலிசாவை எப்படிச் சந்தித்திருக்க முடியும்? உரோமானியர் கார்த்தேஜுடன் மூன்று போர்கள் நடத்திக் கி.மு. 146இல் அந்நகரை அழித்தவர்கள். அந்தப் பகைக்கு ஒரு தொடக்கம் காட்டவே, சாகும் டைடோவின் வாயில் ஈனியாஸின் வழித்தோன்றல்களாகக் கருதப்பட்ட உரோமானியர் மீது சாபத்தை வைத்தார் வெர்ஜில். காவியமாக அது ஈடற்றதுதான். ஆனால் நகரம் கண்ட அரசி அதில் கைவிடப்பட்ட காதலியாகச் சுருங்கிவிட்டாள் என்பதே என் வருத்தம்.

கடலோடி:
இருவருக்கும் நன்றி. கார்த்தேஜியர் தங்கள் அரசியை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள்?

ஏடுபார்ப்பவன்:
கார்த்தேஜ் தோல்வியறியாது இருந்த காலம் முழுவதும் அவளைத் தெய்வமாக வணங்கினார்கள் என்கிறார் ஜஸ்டின்.