ரைஃபிளைப் பிஸ்டலாக மாற்ற நினைத்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டாலஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு வாங்கிய முதல் துப்பாக்கி ஒரு ஏஆர்-15 ரைஃபிள், 16 அங்குலக் குழல். 2021 நவம்பர் தள்ளுபடியில் 10.5 அங்குலக் குழலோடு ஒரு அப்பர் (துப்பாக்கியின் மேல்பாதி) மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஏஆரில் சீரியல் நம்பர் அடித்த லோயர்தான் (விசை இருக்கும் கீழ்ப்பாதி) மத்தியச் சட்டத்துக்குத் துப்பாக்கி. அப்பர் வெறும் உதிரிபாகம் என்பதால் எந்தக் கேள்வியும் இல்லாமல் வீட்டு வாசலுக்கே பார்சலில் வந்தது. ரைஃபிளின் ஸ்டாக்கை (தோளில் வைக்கும் பின்கட்டை) கழற்றிவிட்டு இதை மாட்டினால் பிஸ்டல் தயார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். பெட்டியைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எந்த லோயரில் மாட்டப் போகிறாய்?" ரைஃபிளைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

ஸ்டாக் இல்லாவிட்டாலும் அது பிஸ்டல் ஆகாதாம். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம் என்று தனி வகையே இருக்கிறது. குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போனாலோ, முன்கூட்டியே ஏடிஎஃப்பிடம் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அன்றைக்கு 200 டாலர் வரியும் உண்டு. மீறினால் 10 ஆண்டு வரை சிறை. இன்னொன்றும் சொன்னார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ரைஃபிள் லோயர், குட்டை அப்பருக்கு வேறு எந்த உபயோகமும் இல்லை என்றால், மாட்டாமல் வைத்திருப்பதையே வைத்து வழக்குப் போட இடமிருக்கிறதாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுநாள் காலையிலேயே அப்பரைத் திருப்பி அனுப்பினேன்.

அப்புறம் முறையாகச் செய்தேன். கடையில் வெற்று லோயர் ஒன்று வாங்கினேன். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் அதை ரைஃபிள் என்றும் போடவில்லை, கைத்துப்பாக்கி என்றும் போடவில்லை. 'மற்றவை' என்று குறித்தார்கள். முதல் முறையே பிஸ்டலாகப் பூட்டி, தேதி தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு வைத்திருக்கிறேன். பிஸ்டலாகத் தொடங்கியதை நீளக் குழலும் ஸ்டாக்கும் போட்டு ரைஃபிளாக்கலாம், திரும்பப் பிஸ்டலாக்கலாம். 1992-இல் தாம்சன் சென்டர் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கைத் தொடர்ந்து, 2011-இல் ஏடிஎஃப்பே இதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. ரைஃபிளாகத் தொடங்கியதற்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கையில் இருக்கும் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், அதன் பழைய கதை மட்டும்தான் வேறு. ஆனால் சட்டம் அந்தக் கதையைத்தான் பார்க்கிறது.

—

அண்ணா, நான் ஹூஸ்டன். என் சிக்கலும் அந்தக் 'கதை'தான். கன் ஷோவில் பழைய லோயர் ஒன்று வாங்கினேன். விற்றவருக்கு அது முதலில் என்னவாக இருந்தது என்று தெரியவில்லை. தயாரித்த நிறுவனத்துக்கு சீரியல் நம்பரைச் சொல்லிக் கேட்டேன். வெற்று லோயராகத்தான் வெளியே போனது என்று பதில் வந்தது. சந்தோஷப்பட்டேன், ஆனால் நடுவில் யாராவது முதலில் ரைஃபிளாகப் பூட்டியிருந்தால்? அதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. துணிய மனம் வரவில்லை. 16 அங்குலக் குழல் போட்டு ரைஃபிளாகவே வைத்துக்கொண்டேன். பிஸ்டல் கட்ட வேண்டும் என்றால் புது லோயர் வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

—

நான் பிரேஸ் (முன்கையோடு சேர்த்துப் பிடிக்கும் தாங்கி) போட்ட பிஸ்டல் வைத்திருந்தவன். 2023 ஜனவரியில் வந்த விதிப்படி பிரேஸ் போட்ட பெரும்பாலான பிஸ்டல்கள், ஏடிஎஃப் அனுமதி வேண்டிய குட்டை ரைஃபிள் ஆகிவிட்டன. மே கடைசிக்குள் வரியில்லாமல் பதிவு செய்யலாம் என்றார்கள், பயந்து செய்துவிட்டேன். 2024 ஜூனில் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்துவிட்டது. என்னுடையது பதிவில் குட்டை ரைஃபிளாகவே நிற்கிறது. அந்த வடிவிலேயே ஓக்லஹோமாவில் இருக்கும் நண்பர் பண்ணைக்கு எடுத்துப் போவதானால், மாநில எல்லை தாண்ட முன்கூட்டியே ஏடிஎஃப் அனுமதி வாங்குகிறேன். சாதாரணப் பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கான 200 டாலர் வரி பூஜ்யம் ஆகிவிட்டது. வரி போய்விட்டதே, இனி ரைஃபிள் லோயரில் குட்டைக் குழல் போடலாமா என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டார். கூடாது தம்பி. போனது வரி மட்டும்தான். விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், அனுமதிக்காகக் காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது. அனுமதி கைக்கு வரும் முன் குழலை மாட்டாதீர்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர உங்களுக்குத் துப்பாக்கியே கூடாது.