மஞ்சள் வால், முதுகில் நீண்ட வெள்ளை இழை: இது மூரிஷ் ஐடலா?

கடல்பித்தன்:
பவளப்பாறைச் சரிவில் 15 மீட்டர் ஆழத்தில் எடுத்த மீன் படம். தட்டையான வெள்ளை உடம்பு, அகலமான இரண்டு கறுப்புப் பட்டை, முதுகிலிருந்து சாட்டை மாதிரி நீளும் இழை, வால் மஞ்சள். ஜோடியாகத் திரிந்தன. மூரிஷ் ஐடல்தானே?

பாறைவாசி:
இல்லை. வாலைப் பாருங்கள். மூரிஷ் ஐடலுக்கு வால் கறுப்பு, நீண்ட மூக்கின் மேல் மஞ்சள் திட்டும் இருக்கும். உங்களுடையது பேனர் மீன், ஹெனியோகஸ் பேரினம், அதாவது வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். மூரிஷ் ஐடல் அந்தக் குடும்பமே இல்லை, அதன் குடும்பத்தில் இன்று இருப்பது அந்த ஒரே இனம்தான்.

உப்புக்காற்று:
சரி, எந்த ஹெனியோகஸ்? அதில் அக்குமினேட்டஸ், டிஃப்ரூட்டஸ் என்ற இரண்டு இனங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். முதுகுத் துடுப்பு முட்கள் முதலாவதற்கு வழக்கமாக 11, அடுத்ததற்கு 12. படத்தில் அதை எண்ண முடிந்தால் உங்கள் கேமராவுக்கு ஒரு கும்பிடு! நடத்தையைப் பார்ப்பது சுலபம். டிஃப்ரூட்டஸ் பெருங்கூட்டமாகப் பாறைக்கு மேலே திறந்த நீரில் மிதவை உயிரிகளைத் தின்னும், அக்குமினேட்டஸ் தனியாகவோ ஜோடியாகவோ பாறையை ஒட்டியே சுற்றும்.

கடல்பித்தன்:
அப்போ அக்குமினேட்டஸ் என்றே குறித்துக்கொள்கிறேன், கூட்டம் எதுவும் இல்லை, இரண்டும் பாறை இடுக்கை விட்டு நகரவே இல்லை. முட்கள் பாதி மடங்கியிருக்கின்றன, எண்ண வழியில்லை.